நீரிழிவோடு வாழும் சலிப்பு: நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்கள் இணையத்தில் பேசுவதற்கு ஓர் இழை

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை, நடை, உணவு பற்றிய குறிப்புகள் எல்லா இடத்திலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்க நான் வரவில்லை. ஒரு நாள்கூட விடுப்புத் தராத இந்த நோயோடு வாழ்வதில் மனத்துக்கு ஏற்படும் சலிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். போன மாதம் நடந்த ஒன்று என்னை எழுதவைத்துவிட்டது.

எங்கள் பங்காளிகள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. வளவில் பந்தி போட்டிருந்தார்கள். இனிப்புக் கவுனி அரிசி பரிமாறிக்கொண்டு வந்த கரண்டி என் இலைக்கு முன்னால் நின்றது. பரிமாறிய உறவுக்கார இளைஞர், "ஆச்சிக்கு வேண்டாம், ஆச்சிக்குச் சுகர்" என்று பின்னால் வருபவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். பக்கத்து இலையில் இருந்தவர், "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, வை அப்பா" என்றார். எதிர் வரிசையிலிருந்து, "போன தடவை எவ்வளவு இருந்தது?" என்று ஒரு குரல் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் என் இலையைப் பற்றி மூன்று பேர் பேசி முடித்திருந்தார்கள். மூவருமே என்மீது அன்புள்ளவர்கள். அன்று எனக்குக் கவுனி அரிசி வேண்டியிருக்கவும் இல்லை. ஆனாலும் கண்ணீர் வந்துவிடுமோ என்ற அச்சத்தில், ரசம் வரும்வரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் உணவு என்பது மரியாதை. மனம் நிறைந்திருப்பதை இலையை நிறைத்துத்தான் காட்டுகிறோம். கந்தரப்பத்தையும் பால் பணியாரத்தையும் மறுக்கும்போது பலகாரத்தை மட்டும் மறுப்பதாகச் செய்தவர் எடுத்துக்கொள்வதில்லை. ஏற்றுக்கொண்டால் உடம்புக்குக் குற்றம், மறுத்தால் உறவுக்குக் குற்றம் என்ற இந்த நிலையில் பதினொரு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

பந்தியைவிட என்னை அதிகமாக நோகடித்தது வேறொன்று. சென்ற ஆண்டு என் மாமியார் படுக்கையில் விழுந்து மூன்று மாதம் கிடந்து இறந்துபோனார்கள். இரவில் நான்கு முறையாவது எழுந்து அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது ஏ1சி, 7.4இலிருந்து 8.9ஆக ஏறிவிட்டது. அதைப் பார்த்த மருத்துவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வாயைக் கட்ட முடியவில்லையா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளாக நான் பிள்ளைகளிடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்; அப்படித் தாளை வாங்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன்பின் ஏழு மாதம் இரத்தப் பரிசோதனைக்கே நான் போகவில்லை. விரலில் குத்திப் பார்க்கும் கருவியை மேசை இழுப்பறையின் அடியில் வைத்து, மேலே பழைய வினாத்தாள்களைப் போட்டு மூடிவிட்டேன்.

அது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. இப்படி வேறு யாருக்கேனும் நேர்ந்திருக்கிறதா?

குன்றக்குடி நடையாளர் எழுதியது:

ஆச்சி, உங்கள் பதிவை என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை வழக்கம். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வெறுங்காலோடு நடந்த ஆண்டுகள் பத்தொன்பது. ஆறாண்டுகளுக்கு முன் அந்தப் பயணத்தில் நத்தத்துக்கு அப்பால் தங்கியிருந்தபோது, கூட வந்த ஒருவர் என் பாதத்தைக் காட்டி, "அண்ணன், தரையெல்லாம் இரத்தம்" என்றார். இடது பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லை. வலிக்காததைக் கண்டு அன்று நான் அஞ்சியதுபோல் வேறு எதற்கும் வாழ்நாளில் அஞ்சியதில்லை.

பிறகு மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவதை உணரும்போதெல்லாம் சொல்ல வேண்டும். நான் சொல்லாமலே இருந்த இடங்கள் பல. நீண்ட நாள் சர்க்கரை நரம்பைப் பாதித்துவிட்டது என்றும், இனி வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றும் விளக்கினார்கள். அந்தப் புண் ஆற நாலரை மாதம் ஆயிற்று. இப்போது ஒவ்வொரு நாள் இரவும் என் மனைவி பாதத்தின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறாள்.

செருப்பு அணிவதும் மருந்து எடுப்பதும் பழகிவிட்டன. பழகாதது தை மாதம். காவடிகள் கிளம்பும் அன்று நான் தெருவோரத்தில் செருப்போடு நின்று கும்பிடுகிறேன். "என்ன, இந்த வருசமும் வரவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு முதலிரண்டு ஆண்டுகள் முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் வலிக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. நீரிழிவு என்றால் நாம் எதையோ செய்து அதை வரவழைத்துக்கொண்டோம் என்பதுபோல் பார்க்கிறார்கள். முருகனிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். நேர்த்திக்கடனைப் பாதியில் விட்டவன் என்ற எண்ணம் இரவில் வந்து நெஞ்சில் உட்காரும்போது, அதை எந்த மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கானாடுகாத்தான்காரன் எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் வேறு கருத்து உடையவன். எனக்கும் பதினாறு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நடக்கிறேன். அரிசியைப் பகலில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். எந்த விருந்திலும் இனிப்பைக் கையால் தொட்டதில்லை. என் ஏ1சி 6.8க்கு மேல் ஏறியதில்லை. மனச்சுமை, சலிப்பு என்று பேச ஆரம்பித்தால் அது மனத்தைத் தளர்த்துவதற்கு நாமே கொடுக்கும் அனுமதிச் சீட்டாகிவிடும். ஏழு மாதம் பரிசோதனை செய்யாமல் இருந்ததற்கு ஆறுதல் சொல்வது அந்த ஆச்சிக்கு நாம் செய்யும் உதவி ஆகாது. ஆவாரம்பூக் குடிநீரை முறையாகக் குடித்து வந்தாலே பாதி நோய் அடங்கும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். உறுதி இருந்தால் எல்லாம் நடக்கும்.

காரைக்குடிச் செவிலியர் எழுதியது:

நான் நீரிழிவுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர். ஆசிரியை அம்மாவின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஆம், பலருக்கும் நேர்கிறது, இதற்கு மருத்துவத்தில் நீரிழிவு மனநெருக்கடி என்று தனிப் பெயரே இருக்கிறது. நீரிழிவுடன் வாழ்வதால் வரும் மனநெருக்கடியை மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளாகத் தனியாக அளந்து வருகிறது. உளவியலாளர் வில்லியம் போலன்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் அதற்கென்று 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். எதிர்காலத்தில் வரக்கூடிய சிக்கல்களை நினைத்து அஞ்சுகிறீர்களா, உணவைப் பற்றி எப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கிறீர்களா, கவனிப்பு தவறும்போது குற்ற உணர்வு வருகிறதா, இந்த நோயோடு தனித்துவிடப்பட்டதாகத் தோன்றுகிறதா என்பன போன்ற கேள்விகள் அதில் உள்ளன. மொத்தம் 100 மதிப்பெண். 40 அல்லது அதற்கு மேல் போனால் நெருக்கடி கடுமையாக இருக்கிறது என்று பொருள். ஆசிரியை அம்மாவும் நடையாளர் ஐயாவும் எழுதியவற்றைப் படித்தபோது அந்தக் கேள்விகளைத்தான் மீண்டும் படிப்பதாக உணர்ந்தேன்.

இந்த நெருக்கடி வேறு, மனச்சோர்வு நோய் வேறு. நெருக்கடியின் வேர் நீரிழிவிலேயே இருக்கிறது. அந்தச் சுமை குறைந்தால் அதுவும் குறையும். மனச்சோர்வு நோயோ வாழ்வின் எல்லாப் பக்கத்திலும் பரவிவிடும்: தூக்கம், பசி, விருப்பம் எல்லாம் வாரக்கணக்கில் வற்றிப்போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கேனும் வந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி அந்த 8.9. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலத்தில் அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதையே ஏ1சி காட்டுகிறது. எதனால் ஒட்டியது என்பதை அது காட்டாது. தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும். துயரத்திலும் அச்சத்திலும் உடம்பு சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசோலும் கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்யும். காய்ச்சலில் ஏறும். சிலருக்கு ஒன்றுமே சாப்பிடாமல் விடியற்காலையிலேயே ஏறும். மாமியாரை இரவெல்லாம் புரட்டிப் படுக்கவைத்த மூன்று மாதமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது, அம்மா. உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "இந்த மூன்று மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது?" என்பதுதான். நாங்கள் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்குகிறோம்; அந்த அவசரத்தில் இப்படிப்பட்ட சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

கானாடுகாத்தான் ஐயாவுக்கு: உங்கள் ஒழுங்கை மதிக்கிறேன். ஆனால் வெட்கப்படுத்தினால் ஒருவர் பரிசோதனைக்கு வருவார் என்பதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. வராமல் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆவாரம்பூக் குடிநீரை விரும்பிக் குடிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்த வேண்டாம். நிறுத்தியவர்கள் எந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பள்ளத்தூர் அம்மா எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் பெரியவர்கள். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு ஒன்பது வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. நாளுக்கு நான்கு முறை இன்சுலின் ஊசி, குறைந்தது நான்கு முறை விரலில் குத்திப் பார்த்தல் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 2,920 குத்து. நான்கு ஆண்டுகளில் 11,680. இந்தக் கணக்கை நான் ஓர் இரவு தூக்கம் வராமல் போட்டேன்.

அவளுக்கு நோய் வந்தபோது வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "இனிப்பு நிறையக் கொடுத்தீர்களா?" என்பது. இரண்டாவது கேள்வி, "உங்கள் பக்கத்தில் யாருக்கு இருந்தது?" என்பது. உடம்பின் காவல் அமைப்பே தவறுதலாகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது; குழந்தை தின்ற எதனாலும், தாய் செய்த எதனாலும் அது வருவதில்லை. இதை மருத்துவர் எனக்குச் சொன்னார், நான் என் மாமியாரிடம் சொன்னேன், அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆனாலும் அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சீப்புச்சீடையும் மனகோலமும் செய்து கொடுத்த என் கையை நான் பல நாள் வெறுத்தேன். இன்றும் சில சமயம் வெறுக்கிறேன்.

இப்போது வந்திருக்கும் துன்பம் வேறு. அவள் பெரியவளாகிவிட்டாள். இனிமேல் பள்ளியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், வெளியே தெரிந்தால் பிற்காலத்தில் பெண் கேட்டு வருபவர்கள் யோசிப்பார்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. மதிய உணவுக்கு முன் போட வேண்டிய ஊசியை அவள் பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்து போட்டுக்கொண்டிருந்தாள். சில நாள் போடாமலே விட்டிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை வாந்தியும் மூச்சிரைப்புமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிட்டது. மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். கண் விழித்ததும் அவள் கேட்டது, "ஆத்தா, யாருக்காவது தெரிந்துவிட்டதா?" என்பதுதான்.

அன்றோடு ஒளிப்பதை நிறுத்திவிட்டேன். மறுவாரம் வகுப்பாசிரியையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது அவள் வகுப்பிலேயே, மேசையின் கீழ் சட்டையை இலேசாக உயர்த்தி ஊசி போட்டுக்கொள்கிறாள். தோழி ஒருத்தி நேரம் பார்த்து நினைவூட்டுகிறாளாம். திருமணம் பற்றி என்னிடம் பேசுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. 1922 சனவரியில் கனடாவின் டொரோண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு 14 வயது. அதற்கு முன் இந்நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் சாவைத் தள்ளிவைப்பதைத் தவிர வழியே இருக்கவில்லை. என் மகள் உயிரோடு இருப்பதை ஒரு குறையாக மறைக்கச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

கானாடுகாத்தான்காரன் எழுதியது:

அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்தபின் முன்பு எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆறுதல் உதவி ஆகாது என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

என் கடுமைக்குக் காரணம் உண்டு. என் மூத்த அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அறுவைக்கு முந்தைய இரவு அவர் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அன்று முதல் ஒரு கரண்டிச் சோறு கூடினாலும் அந்தக் கட்டில்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. என் உறுதி என்று நான் எழுதியதில் பெரும்பகுதி அச்சம்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எனினும் நடையை யாரும் விட்டுவிட வேண்டாம் என்பதில் என் கருத்து மாறவில்லை.

சிங்கப்பூரில் ஒரு மகன் எழுதியது:

நோயாளியாக இல்லாத ஒருவன் இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் ஆத்தா காரைக்குடியில் இருக்கிறார்கள். அப்பச்சி, அதாவது என் தந்தை, காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியை ஆச்சி எழுதிய பந்தியில் எதிர் வரிசையிலிருந்து "எவ்வளவு இருந்தது?" என்று கேட்ட குரல் என்னுடைய குரல் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு ஆத்தாவின் மேற்கையில் ஒட்டும் உணர்கருவி ஒன்றை வாங்கி அனுப்பினேன். பதினான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்களின் சர்க்கரை அளவு என் கைப்பேசியில் தெரியும். மகனாக ஒரு பெரிய கடமையைச் செய்துவிட்டதாக நிறைவடைந்தேன். அலுவலகக் கூட்டத்தின் நடுவில் 220 என்று பார்த்தால் வெளியே வந்து அழைப்பேன்: "ஆத்தா, என்ன சாப்பிட்டீர்கள்?" நலமா என்று கேட்டது குறைந்துபோயிற்று. மூன்றாவது மாதம் அளவு வருவது நின்றது. கருவி கெட்டுவிட்டது என்றார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்கப்படாத நான்கு பெட்டிகள் இருந்தன.

நான் கோபப்படவில்லை, கோபப்படும் தகுதி எனக்கில்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. ஆத்தா சொன்னார்கள்: "நீ என் கையில் ஒரு கண்ணை ஒட்டி வைத்துவிட்டாய், அப்பா. ஒரு வாய் தேங்குழலைக் கடித்தால்கூட நீ அங்கே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று இருக்கிறது. உன் அப்பச்சி போனபின் இந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன்; இப்போது தனியாக இருக்கவும் முடியவில்லை."

அந்தக் கருவி நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பார்க்கும் உரிமையை யார் வைத்திருப்பது என்பதில்தான் நான் பிழை செய்தேன். இப்போது ஆத்தா மீண்டும் அதை அணிகிறார்கள். அளவு அவர்களுடைய கைப்பேசிக்கு மட்டும் வருகிறது. 70க்குக் கீழே இறங்கினால் மட்டும் எனக்கும் ஒலிக்கும்படி அவர்களே சொல்லி அமைக்கச் செய்தார்கள். இரவில் அழைக்கும்போது, பக்கத்து வளவில் யார் வந்தார்கள், கோயிலில் என்ன விசேடம் என்று பேசுகிறோம். எண்ணைக் கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.

கண்டனூர் முதியவர் எழுதியது:

என் வயது 74. எழுபதடி முகப்பும் மூன்று கட்டும் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி இல்லை, பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒரு காலத்தில் இந்த வீட்டில் ஒன்பது புள்ளிகள், அதாவது திருமணமான ஒன்பது குடும்பங்கள், இருந்தன. இப்போது விளக்கு எரிவது ஓர் அறையில்.

உங்களில் பலருக்குச் சர்க்கரை ஏறும் என்ற அச்சம். எனக்கு இறங்கும் என்ற அச்சம். ஒன்றரை ஆண்டுக்கு முன் இரவு இரண்டு மணிக்கு வியர்த்து ஊற்றி, கை நடுங்கி விழித்தேன். இது என் வீடு என்று தெரிகிறது. அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பட்டாலையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டேன். அந்தச் சுவர்களைத் தாண்டிக் குரல் வெளியே போகாது. எப்படியோ சாமி அறைக்குப் போய், நைவேத்தியத்துக்கு வைத்திருந்த வெல்லத்தை எடுத்துத் தின்றேன். விடியும்வரை அங்கேயே தரையில் கிடந்தேன். நெஞ்சு நிலைப்பட்டபின் முதலில் தோன்றிய எண்ணம், நான் இறந்திருந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும் என்பது.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரவு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். படுக்கும் முன் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுச் சர்க்கரையை வேண்டுமென்றே 200க்கு மேல் வைத்துக்கொள்கிறேன். பிறகு மருத்துவரிடம் காட்டும் நோட்டில் 140 என்றும் 150 என்றும் எழுதுகிறேன். வாழ்நாள் முழுதும் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தால் இரவெல்லாம் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். இப்போது பொய்க்கணக்கு எழுதுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் ஒருமுறை மாத்திரை கொண்டுவரும் பெண் என் வீட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவர் வரும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

காரைக்குடிச் செவிலியர் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் பணி முடிந்து இரவில் படித்தேன், உடனே எழுதுகிறேன்.

நீங்கள் கோழையாகவோ பொய்யராகவோ நடந்துகொள்ளவில்லை. தாழ்சர்க்கரையில் சிக்கி மீண்ட பலரும் அளவை உயர்த்தி வைத்துக்கொள்வது எங்களுக்குத் தெரிந்த ஒன்றுதான். ஆனால் மருத்துவருக்கு உண்மையான நோட்டு வேண்டும். நீங்கள் எழுதும் 140ஐப் பார்த்து அவர் மருந்தைக் குறைக்காமல் விட்டுவிடுவார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடியவை. முதியவர்களுக்கு அப்படி நேர்ந்தால் மாற்று மருந்துகள் உண்டு. தனித்து வாழும் முதியவர்களுக்கும், இப்படி இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கும் ஏ1சி இலக்கையே சற்றுத் தளர்த்தி, 8 வரை வைத்துக்கொள்வது ஏற்கப்பட்ட முறை. "இரவில் இறங்குமோ என்று அஞ்சுகிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

படுக்கையருகில் குளுக்கோஸ் பொடியும் ஒரு செம்பு நீரும் இருக்கட்டும். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிப் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

இத்தனை பேர் மனம் திறந்து எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்றுக் கருவியை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். 231 என்று காட்டியது. சிறிது நேரம் அழுதேன். பிறகு தேதி போட்டு எழுதி வைத்தேன். அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகிறேன். மருத்துவர் தாளைப் பார்ப்பதற்கு முன்பே, "சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்ததை இரண்டு நிமிடம் சொல்ல அனுமதியுங்கள்" என்று கேட்கப்போகிறேன். கேட்காவிட்டால் வேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்று என் கணவர் சொல்கிறார். அவர் இப்படிச் சொல்வது இதுவே முதல் முறை. இந்த இழையை அவரும் படித்தார்.

பிள்ளையார் நோன்பு வருகிறது. கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக இருபத்தொரு இழை சேர்த்துத் திரித்து, மாவில் வைத்து ஏற்றிய சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அந்த வெல்லமாவின் நினைப்புத்தான் வரும். சாமி நினைப்பு பின்தங்கிப் போகும். இந்த ஆண்டு குடும்பத்தில் மூத்தவர் கையால் வாங்கிக்கொள்வது மிகச் சிறிய உருண்டையாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே வீட்டில் தனியாகச் சொல்லிவைத்துவிட்டேன். பந்தியில் கேட்கும்படி யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த உறவுக்கார இளைஞரிடமும் பேசினேன். அவர் முகம் வாடிவிட்டது. இனி என் இலைக்கு வரும்போது கரண்டியை நிறுத்தி, என்னைப் பார்த்து, நான் தலையசைத்தபின் நகர்வதாகச் சொன்னார். அது போதும் எனக்கு.

கண்டனூர் ஐயா அவர்களே, தங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்குக் கிளம்பும் முன் காலையில் ஆறு மணி வாக்கில் எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். தாங்கள் இசைந்தால் நாள்தோறும் அழைக்கிறேன்.

கண்டனூர் முதியவர் எழுதியது:

இன்றோடு ஒன்பது நாளாகிறது. காலை ஆறு பத்துக்கு ஆச்சியின் அழைப்பு வருகிறது. முதல் நாள், "தூங்கினீர்களா, ஐயா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் நானே 186 என்று சொன்னேன், உண்மையான எண். நேற்று மருத்துவரிடம் பழைய நோட்டையும் சரியான அளவுகளை எழுதிய புதிய நோட்டையும் சேர்த்தே கொடுத்தேன். இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், இரவு மாத்திரையை மாற்றித் தந்து, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்.

பால் ஊற்றுபவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். முகப்புக் கதவின் உள்தாழ்ப்பாளை இரவில் இப்போது போடுவதில்லை.